ஆன்மாவைப் பேணுதல்: சாக்ரடீஸ் கேட்டது எதை?

கேள்வி: “‘ஆன்மாவைக் கவனித்துக்கொள்’ என்பதுதான் சாக்ரடீஸின் முக்கியமான போதனை என்று படித்தேன். அது பக்தியா, தியானமா, இல்லை இன்றைய சுயமுன்னேற்றப் புத்தகங்களின் பழைய வடிவமா? அப்படிக் கவனித்துக்கொண்டால் நல்ல வாழ்க்கை கிடைத்துவிடுமா?”

மூன்றுமே இல்லை என்பது என் பதில். எதை நல்லது என்று நம்பி வாழ்கிறாயோ அதை இன்னொருவர் முன்னால் வாய்விட்டுச் சொல். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல். பதில் நிற்கவில்லை என்றால் உன்னை மாற்றிக்கொள். இதைச் சாகும்வரை செய்துகொண்டிரு. சாக்ரடீஸ் கேட்டது இவ்வளவுதான். பக்தியையும் தியானத்தையும் தனியாக உட்கார்ந்து செய்யலாம். இதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும். நல்ல வாழ்க்கை இதற்குப் பின்னால் வந்துசேரும் கூலி என்று அவர் எங்கும் சொல்லவில்லை. இப்படி வாழ்வதே நல்ல வாழ்க்கை என்றுதான் சொன்னார். சுருக்கிச் சொன்னால் மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிடுகிறது, அதனால் விரித்தே சொல்கிறேன்.

நம் மேடைகளில் சாக்ரடீஸ் வந்தாலே கையில் நஞ்சுக் கோப்பையும் சேர்ந்து வந்துவிடும். கொஞ்சம் முன்னால் போய் விசாரணையைப் பார்ப்போம். கி.மு. 399, ஏதென்ஸ். நடுவர்கள் ஐந்நூறு பேர் அளவில். நகரத்தின் தெய்வங்களை ஏற்கவில்லை, புதிய தெய்வங்களைக் கொண்டுவருகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பவை குற்றச்சாட்டுகள். தொடுத்தவர்கள் மெலிட்டஸ், அனிட்டஸ், லைகான் என்ற மூவர். எழுபது வயதுக்காரர் எழுந்து பேசுகிறார். அவர் பேசியதாக அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதிவைத்திருக்கும் உரையில் ஓர் இடம்: ‘இந்த விசாரிப்பை விட்டுவிடு, உன்னை விட்டுவிடுகிறோம்’ என்று நீங்களே சொன்னாலும் நான் விடமாட்டேன். வழியில் எதிர்ப்படும் ஒவ்வொருவரையும் நிறுத்தி, ‘பணம், புகழ், மரியாதை இவற்றைப் பெருக்க இத்தனை பாடுபடுகிறாயே, அறிவைப் பற்றியும் உண்மையைப் பற்றியும் உன் ஆன்மா எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பற்றியும் ஒரு கவலையும் இல்லாமல் இருக்கிறாயே, வெட்கமாக இல்லையா?’ என்று கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதுவரைதான். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து வருவது. அந்த ஆள் ‘ஏன், எனக்கும் அக்கறை இருக்கிறதே’ என்று சொன்னால்? ‘சரி, நல்லது’ என்று நகர்ந்துவிட மாட்டேன், அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்பேன், சோதித்துப் பார்ப்பேன் என்கிறார். அக்கறை இருப்பதாக ஒருவர் சொல்லிக்கொள்வதற்கு அவரிடம் மதிப்பே இல்லை. சோதனையில் நின்றால்தான் அது அக்கறை.

‘ஆன்மா’ என்றதும் நமக்கு மறுபிறவி, வினை, முத்தி என்று ஒரு வரிசையே மனதில் ஓடும். அதைச் சற்று ஒதுக்கி வையுங்கள். அதே உரையின் முடிவில் சாவைப் பற்றிப் பேசும்போது, அது ஒன்று கனவே இல்லாத உறக்கம், அல்லது வேறோர் இடத்துக்குப் போவது என்று இரண்டையும் சொல்லி, இரண்டில் எதுவானாலும் பயப்பட ஒன்றுமில்லை என்கிறாரே தவிர, எது உண்மை என்று முடிவு கட்டவில்லை. ஆன்மா அழியாது என்பதற்கான நீண்ட வாதங்கள் பிளேட்டோவின் ‘ஃபீடோ’ என்ற உரையாடலில்தான் வருகின்றன. அவை பெரும்பாலும் பிளேட்டோவின் சொந்தச் சரக்கு என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. சிறையில் நண்பர் கிரிட்டோவிடம் பேசும்போது சாக்ரடீஸ் ‘ஆன்மா’ என்ற சொல்லைக்கூட எடுக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறார்: நம்மிடம் எது நியாயத்தால் செழிக்கிறதோ, எது அநியாயத்தால் கெடுகிறதோ, அது. உடம்பு கெட்டுப்போனால் வாழ்வது பாரம் என்கிறோமே, அது கெட்டுப்போனால் மட்டும் வாழ்ந்துவிட முடியுமா என்று கேட்கிறார். நாளைக்குச் சாகப்போகிறவன் எல்லாவற்றோடும் முடிந்துபோவான் என்று வைத்துக்கொண்டாலும் இந்த வாதம் அசையாது. கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் இதில் பங்கெடுக்க முடிவது இதனால்தான்.

இந்தச் சோதனை நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு நான் எப்போதும் காட்டுவது பிளேட்டோவின் ‘லாக்கீஸ்’ என்ற சிறிய உரையாடல். ஏதென்ஸின் பெரிய மனிதர்களின் பிள்ளைகள் இருவர், வயதானவர்கள். எங்கள் அப்பாக்கள் ஊர்க்காரியத்தைப் பார்த்துக்கொண்டு எங்களைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள், நாங்கள் எங்கள் பிள்ளைகளையாவது ஒழுங்காக வளர்க்க வேண்டும் என்று புலம்புகிறார்கள். (ஒருவரின் தந்தை ‘நீதிமான்’ என்று பேர்பெற்ற அரிஸ்டைடீஸ்!) பையன்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுக்கலாமா என்பது கேள்வி. யோசனை கேட்க இரண்டு தளபதிகளை அழைக்கிறார்கள்: லாக்கீஸ், நிகியாஸ். லாக்கீஸ் நேரே போர்க்களத்திலிருந்து வந்தவர் மாதிரி பேசுகிறவர். கி.மு. 424இல் டேலியம் என்ற இடத்தில் ஏதென்ஸ் படை தோற்றுப் பின்வாங்கியபோது தன்னோடு நடந்துவந்த சாக்ரடீஸ் எப்படி நடந்துகொண்டார் என்பதை நேரில் பார்த்தவர்.

நிகியாஸ் அங்கே ஓர் எச்சரிக்கை கொடுக்கிறார். இந்த ஆளோடு எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் சரி, கடைசியில் நீ இதுவரை எப்படி வாழ்ந்தாய், இப்போது எப்படி வாழ்கிறாய் என்று கணக்குக் கொடுக்கும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். எனக்கு இது பழக்கம்தான் என்கிறார். லாக்கீஸின் பதில் அதைவிட நன்றாக இருக்கும். எனக்குப் பேச்சு பிடிக்கவும் செய்யும், பிடிக்காமலும் போகும். பேசுகிறவனின் செயலும் சொல்லும் சுருதி சேர்ந்திருந்தால் நாள் முழுக்கக் கேட்பேன். சேராவிட்டால், எவ்வளவு நன்றாகப் பேசுகிறானோ அவ்வளவுக்கு எரிச்சல் வரும். சாக்ரடீஸின் பேச்சை நான் இதுவரை கேட்டதில்லை, செயலைப் பார்த்திருக்கிறேன், அது போதும் என்கிறார்.

அப்புறம் ஆரம்பிக்கிறது. வீரம் என்றால் என்ன? வரிசையை விட்டு ஓடாமல் நிற்பது என்கிறார் லாக்கீஸ். சித்தியர்கள் என்ற குதிரைவீரர்கள் ஓடிக்கொண்டே சண்டை போடுகிறார்களே என்கிறார் சாக்ரடீஸ். மனவுறுதி என்று மாற்றுகிறார் லாக்கீஸ். முட்டாள்தனமான உறுதியும் வீரமா? ஒவ்வொரு பதிலும் கைநழுவுகிறது. எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல வரமாட்டேன் என்கிறதே என்று தளபதி தன்மேலேயே கோபப்படுகிறார். நிகியாஸ் இன்னும் நயமான பதில் தருகிறார்: எதற்கு அஞ்ச வேண்டும், எதை நம்பலாம் என்று அறிவதே வீரம். அதுவும் முழுதாகத் தேறுவதில்லை. போகிற போக்கில் அங்கே ஒரு வாக்கியம் வருகிறது: போர்க்களத்தில் குறிசொல்பவன் தளபதிக்குக் கட்டளையிடக் கூடாது, தளபதிதான் குறிசொல்பவனுக்குக் கட்டளையிட வேண்டும், சட்டமும் அப்படித்தான் சொல்கிறது.

இதைப் பிளேட்டோ எழுதும்போது நிகியாஸுக்கு என்ன நடந்தது என்பது வாசகர் எல்லோருக்கும் தெரியும். கி.மு. 413, சிசிலித் தீவின் சிராக்யூஸ். ஏதென்ஸின் முற்றுகை தோற்றுவிட்டது. கப்பலேறித் தப்பிக்க எல்லாம் தயார். ஆகஸ்ட் 27 இரவு சந்திர கிரகணம். மூன்று ஒன்பது நாள், அதாவது இருபத்தேழு நாள், பொறுக்க வேண்டும் என்று குறிசொல்பவர்கள் சொல்ல, படைவீரர்களில் பெரும்பாலோரும் அதையே கேட்க, நிகியாஸ் அசையமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதருக்குக் குறிகளில் நம்பிக்கை அளவுக்கு மீறி இருந்தது என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் பதிவு செய்கிறார். எதிரிகள் துறைமுக வாயை அடைத்துவிட்டார்கள். கப்பற்படை போயிற்று, தரைப்படையும் போயிற்று, நிகியாஸ் கொல்லப்பட்டார், பிடிபட்டவர்களில் ஏழாயிரம் பேருக்குக் குறையாதவர்கள் கல்குவாரிகளில் அடைக்கப்பட்டார்கள். எதற்கு அஞ்ச வேண்டும் என்று அறிவதே வீரம் என்று அழகாக வரையறை சொன்னவர் அஞ்சியது நிலாவின் நிழலுக்கு.

நிகியாஸ் கெட்டவர் அல்ல, கெட்டிக்காரர்தான், நல்ல பதில்கள் வைத்திருந்தவர். அந்தப் பதில்கள் அவருக்குள் இறங்கவில்லை. சாக்ரடீஸின் கேள்விகளுக்கு உட்படுவது தனக்குப் பழக்கம் என்று பெருமையாகச் சொன்னவர் அவர்தான் என்பதை மறக்க வேண்டாம். இந்த உரையாடலை வாசிக்கும்போதெல்லாம் நிறையப் படித்தவர்களுக்கு (என்னையும் சேர்த்துத்தான்) இதில் ஓர் எச்சரிக்கை இருப்பதாக நினைத்துக்கொள்வேன். ஆன்மாவைப் பேணுவதைப் பற்றி நன்றாகப் பேசத் தெரிவது ஒரு திறமை, பேணுவது வேறு.

சாக்ரடீஸிடம் லாக்கீஸ் கண்ட அந்தச் சுருதி இரண்டு இடங்களில் பளிச்சென்று தெரிகிறது. கி.மு. 406இல் அர்கினுசே கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. ஆனால் புயலில் தத்தளித்த வீரர்களை மீட்கவில்லை என்று தளபதிகள்மேல் ஊரே கொதித்தது. எல்லோரையும் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்கத் தீர்மானம் வந்தது. அது சட்டத்துக்குப் புறம்பு. அன்று அவையை நடத்தும் குழுவில் இருந்த சாக்ரடீஸ் எதிர்த்து நின்றார். கூட்டம் கூச்சல் போட்டும் அவர் அசையவில்லை. கி.மு. 404இல் ஜனநாயகம் கவிழ்ந்து ‘முப்பதின்மர்’ என்ற முப்பது பேரின் கொடுங்கோல் ஆட்சி வந்தது. சலாமிஸ் தீவைச் சேர்ந்த லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்துவரச் சொல்லி ஐந்து பேருக்கு உத்தரவிட்டார்கள், அதில் சாக்ரடீஸும் ஒருவர். நான்கு பேர் போய்ப் பிடித்துவந்தார்கள். சாக்ரடீஸ் வீட்டுக்குப் போனார். பேருரை எதுவும் இல்லை, கலகம் இல்லை. கும்பலுக்கும் இல்லை, கொடுங்கோலருக்கும் இல்லை என்பது மட்டும்தான்.

‘கோர்கியாஸ்’ உரையாடலில் கேலிக்லீஸ் என்ற அரசியல்வாதி இதை ஏளனம் செய்வார். சின்ன வயதில் தத்துவம் அழகுதான். வளர்ந்த ஆளும் அதையே பேசிக்கொண்டிருந்தால் நாலு அடி போட வேண்டும். உன்னை எவனாவது பொய்வழக்கில் இழுத்துப்போனால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பாய், செத்தும்போவாய் என்கிறார். நடந்ததும் அதுதான். சாக்ரடீஸின் பதில், அநியாயம் செய்வதைவிட அநியாயத்துக்கு ஆளாவது மேல் என்பது. அதற்கு அவர் காட்டும் காரணத்தில் தர்மோபதேசம் எதுவும் இல்லை: ஊரே என்னோடு மாறுபட்டாலும் பரவாயில்லை, ஒருவனாக இருக்கும் நான் என்னோடே முரண்படுவதைத் தாங்க முடியாது. யூதப் படுகொலையில் பங்கெடுத்த நாஜி அதிகாரி ஐக்மனின் விசாரணையைப் பார்த்துவந்த சிந்தனையாளர் ஹன்னா அரென்ட் பிற்காலத்தில் இந்த வரியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். சிந்திக்கிறவன் தன்னோடேயே பேசுகிறவன். கொலை செய்தால் ஒரு கொலைகாரனோடு காலமெல்லாம் ஒரே வீட்டில் குடியிருக்க வேண்டும். தன்னோடு பேசும் வழக்கமே இல்லாதவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. பயங்கரமானவன் அவன்தான்.

இப்போது எதிர்க்கேள்வி. இவ்வளவு பேணியும் சாக்ரடீஸைச் சுற்றி இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? அல்கிபியாடிஸ் அவரிடம் நெருங்கிப் பழகியவர். சிசிலிப் படையெடுப்பை முன்னின்று தூண்டியவர் அவரே (நிகியாஸ் அதை எதிர்த்தார்). பிறகு வழக்கில் சிக்கி எதிரி நாடான ஸ்பார்ட்டாவிடம் போய்ச் சேர்ந்தார். முப்பதின்மரில் மிகக் கொடியவரான கிரிட்டியாஸும் சாக்ரடீஸோடு பழகியவர்தான். ‘இளைஞர்களைக் கெடுத்தான்’ என்று நடுவர்கள் நம்பியதற்கு இந்தப் பெயர்கள் பின்னணியில் இருந்திருக்கும். பிளேட்டோ இதை மறைக்கவில்லை. ‘விருந்து’ உரையாடலில் அல்கிபியாடிஸ் குடிபோதையில் வந்து உண்மையைக் கொட்டுகிறார்: இந்த ஒரு ஆள் முன்னால்தான் எனக்கு வெட்கம் வருகிறது. என்னையே நான் கவனிக்காமல் ஏதென்ஸின் காரியத்தைப் பார்க்கப் போகிறேன் என்று ஒப்புக்கொள்ள வைத்துவிடுகிறார். அதனால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறேன். வெளியே போனதும் கூட்டத்தின் கைதட்டல் என்னை இழுத்துக்கொள்கிறது. ஒருவரின் ஆன்மாவை இன்னொருவர் பேணித்தர முடியாது. கேள்வியைத்தான் தர முடியும். அல்கிபியாடிஸ் கேள்வி புரியாமல் ஓடவில்லை, புரிந்ததால்தான் ஓடினார்.

சாக்ரடீஸ் மேல் எனக்கு முழுசாகச் சமாதானம் ஆகாத ஓர் இடம் உண்டு, அவர் மனைவி சாந்திப்பி. மூன்று மகன்கள், அதில் இருவர் சிறுவர்கள். என் சொந்தக் காரியங்களை இத்தனை வருடம் கவனிக்காமல் விட்டேன் என்று நீதிமன்றத்தில் அவரே பெருமையாகச் சொல்கிறார். சாகும் நாளில் அழுத மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நண்பர்களோடு தத்துவம் பேசுகிறார். அந்த வீட்டில் அடுப்பெரித்தவர் தரப்பில் யாரும் ஓர் உரையாடல் எழுதவில்லை.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன்: நல்ல வாழ்க்கை கிடைக்குமா? ‘மகிழ்ச்சி, நிம்மதி, குறைவில்லாத குடும்பம்’ என்பதுதான் நல்ல வாழ்க்கை என்றால், உத்தரவாதம் இல்லை. அரிஸ்டாட்டில் இதை நேராகவே சொல்கிறார். நல்லவனாக இருந்தாலே போதும், சித்திரவதைச் சக்கரத்தில் கட்டிவைத்தாலும் மகிழ்ச்சியாக இருப்பான் என்று பேசுகிறவர்கள் பிதற்றுகிறார்கள் என்பது அவர் தீர்ப்பு. நண்பர்கள் வேண்டும், ஓரளவு வசதி வேண்டும், கொஞ்சம் நல்ல காலமும் வேண்டும். இது எனக்கு நியாயமாகப் படுகிறது. ஆனால் சாக்ரடீஸின் வாதம் வேறு தளத்தில் இருக்கிறது. பணம், உடல்நலம், அழகு, பதவி எதுவும் தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தவனிடம் நல்லது, தெரியாதவனிடம் அவை இல்லாமல் இருப்பதே மேல், ஏனென்றால் வசதி கூடக்கூடத் தவறும் பெரிதாகும். அல்கிபியாடிஸிடம் அழகு, பணம், குலம், அறிவு எல்லாம் இருந்ததை நினைத்தால் வாதம் விளங்கும். இருப்பதைச் சரியாகப் பயன்படுத்தும் அந்த அறிவைத் தேடுவதுதான் பேணுதல். அது இல்லாமல் மற்றவற்றைச் சேர்ப்பது மேல்தளத்தை முதலில் கட்டுவது மாதிரி.

பின்னால் வந்தவர்கள் இதைத் தினசரிப் பயிற்சிகளாக்கினார்கள். ஆன்மாவின் நலம் தேட வயது இன்னும் ஆகவில்லை என்றோ வயது கடந்துவிட்டது என்றோ யாரும் சொல்லக் கூடாது என்று கிரேக்கத் தத்துவவாதி எபிகியூரஸ் ஒரு கடிதத்தில் எழுதினார். ரோமில் ஸ்டோயிக் என்ற தத்துவப் பிரிவைச் சேர்ந்த செனெகா, செக்ஸ்டியஸ் என்பவரைப் பின்பற்றி, இரவில் விளக்கை எடுத்துச் சென்ற பிறகு, இவர் பழக்கம் தெரிந்த மனைவியும் பேசாமல் ஆனபிறகு, அன்றைய நாளை ஒன்றுவிடாமல் விசாரித்தார். இன்று எந்தக் கெட்ட வழக்கத்தைக் குணப்படுத்தினாய் என்பது கேள்வி. நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த விசாரணையில் குற்றவாளியும் நீதிபதியும் ஒருவரே, தீர்ப்பும் பெரும்பாலும் ‘இனிமேல் செய்யாதே, இந்த முறை மன்னித்தேன்’ என்பதுதான். செனெகாவே அப்படித்தான் எழுதுகிறார். இன்றைய டைரிப் பயிற்சிகளும் ஸ்டோயிக் செயலிகளும் இந்தக் கிளையிலிருந்து வந்தவை. சாக்ரடீஸிடம் அவ்வளவு சுலபத்தில் மன்னிப்புக் கிடைத்திருக்காது. பழைய தத்துவம் என்பதே கோட்பாட்டைவிட வாழும் பயிற்சி என்று இருபதாம் நூற்றாண்டில் பியேர் ஹாதோ என்ற பிரெஞ்சு அறிஞர் விரிவாகக் காட்டினார். அவர் நல்ல வழிகாட்டி.

ஆனால் அந்த நூற்றாண்டில் சாக்ரடீஸுக்கு மிக அருகில் போனவர் என்று நான் நினைப்பது செக் நாட்டுத் தத்துவவாதி யான் பட்டோச்காவை. 1907இல் பிறந்தவர், ஜெர்மன் தத்துவவாதி ஹுஸர்லிடம் பயின்றவர். நாஜிகள் வந்து செக் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். கம்யூனிஸ்டுகள் வந்து வகுப்பறையிலிருந்து வெளியேற்றினார்கள். 1968இல் அரசின் பிடி சற்றுத் தளர்ந்ததை ஒட்டிக் கொஞ்ச காலம் திரும்ப வந்தார், 1972இல் கட்டாய ஓய்வு. பிறகு வீடுகளில் வகுப்பு நடத்தினார். 1973இல் அப்படி ஒரு தனிவகுப்பில்தான் ‘பிளேட்டோவும் ஐரோப்பாவும்’ என்ற உரைத்தொடரைப் பேசினார். ஐரோப்பாவை ஐரோப்பா ஆக்கியது படையோ வணிகமோ இல்லை, ஆன்மாவைப் பேணுதல் என்ற கிரேக்கச் சிந்தனைதான். அது போய் அந்த இடத்தில் உடைமை மீதான அக்கறை வந்து உட்கார்ந்ததுதான் சிக்கல் என்பது அவர் வாதம். ஐரோப்பாவுக்கு மட்டும் இதைப் பட்டா போட்டுக் கொடுத்தது எனக்கு ஒப்புதல் இல்லை. மற்றதில் அவர் சொன்னதையே செய்தும் காட்டினார்.

1976இல் ‘பிளாஸ்டிக் பீப்பிள்’ என்ற ராக் இசைக்குழுவினரைப் பிடித்து வழக்குப் போட்டது அரசு. நீள முடி வளர்த்த பையன்களின் சத்தமான பாட்டு; கிரேக்கம் படித்த கிழவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அந்த வழக்கிலிருந்துதான் ‘சாசனம் 77’ என்ற மனித உரிமை அறிக்கை பிறந்தது. அதன் சார்பில் பேசும் பொறுப்பை முதலில் ஏற்ற மூவர் நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல், முன்னாள் வெளியுறவு அமைச்சர் யிர்ஷி ஹாயெக், பட்டோச்கா. அரசியல் அதிகாரம் கேட்டு அவர் கையெழுத்துப் போடவில்லை. அரசும் சமூகமும் தங்களுக்கு மேலே ஓர் அறநெறி இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதினார். துன்பப்பட்டாலும் தகும் என்று சொல்லக்கூடிய விஷயங்கள் உண்டு என்பதை மக்கள் மறுபடி உணர்ந்திருக்கிறார்கள் என்றும் எழுதினார். போலீஸ் மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப விசாரித்தது. 1977 மார்ச் 13 அன்று மூளை ரத்தக்கசிவில் இறந்தார், வயது 69. இறுதிச் சடங்கின்போது மேலே ஹெலிகாப்டர் வட்டமிட்டது, பக்கத்தில் மோட்டார் சைக்கிள்களை உறுமவிட்டு உரைகள் கேட்காதபடி செய்தார்கள். தத்துவம் கவைக்குதவாத பேச்சு என்றால் ஓர் அரசு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

எங்கே தொடங்குவது என்றும் கேட்பீர்கள். ‘ஃபீடோ’விலும் ‘குடியரசு’விலும் கைவைத்துத் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘லாக்கீஸ்’, பிறகு விசாரணை உரை (ஆங்கிலத்தில் ‘Apology’), பிறகு ‘கிரிட்டோ’ என்று போங்கள். மூன்றும் சிறியவை. முடிந்தால் ‘லாக்கீஸை’ இன்னொருவரோடு சேர்ந்து சத்தமாக வாசியுங்கள். வீரம் என்றால் என்ன என்ற கேள்வி வரும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நீங்கள் ஒரு பதில் சொல்லுங்கள், அவர் அதை உடைக்கட்டும். அப்புறம் அவர் பதில் சொல்லட்டும், நீங்கள் உடையுங்கள். யார் அந்த இன்னொருவர் என்பதைக் கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். எதற்கெடுத்தாலும் உங்களுக்குத் தலையாட்டுபவர் இதற்கு உதவமாட்டார். ஆங்கிலம் வாசிப்பவர் என்றால், ஜோவெட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்த மொழிபெயர்ப்பு காப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நடை கொஞ்சம் பழசு, பழகிவிடும்.